லண்டன் போகிற நம்மூராருக்கு: பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு நாள்

திருகோணமலையில் இருந்து லண்டன் போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளிடம்தான் போகிறோம். மகளுக்குப் பிள்ளைப்பேறு, மகன் புது வீடு குடிபுகுகிறான், பெறாமகளுக்குக் கலியாணம். போன இடத்தில் கோயில், கடைத்தெரு, சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று நாட்கள் ஓடிவிடும். அதில் ஒரு நாளை எடுத்துப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வையுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அங்கே 33ஆம் அறையில் நம் கரையில் கிடைத்த ஒரு தேவி நிற்கிறாள். தாரா என்று பெயர். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் எங்கோ கிடைத்தவள், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவள். கடல் கடந்து போகிற நாம் அவளைப் பார்க்காமல் திரும்பி வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் இங்கே பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகள் ஹரோவில் இருக்கிறாள், அதனால் போய்வர வாய்ப்புக் கிடைக்கிறது. ஊரில் யாருக்கு விசா வந்தாலும் வீட்டுக்கு வந்து, “டீச்சர், அங்க போனா எதைப் பார்க்கிறது, எப்பிடிப் பார்க்கிறது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தை முழுதாகப் பார்க்கப் போகாதீர்கள். 1753இல் தொடங்கி 1759இல் மக்களுக்குத் திறந்த நூதனசாலை அது. ஏறக்குறைய 80 லட்சம் பொருட்கள் அவர்களிடம் உண்டு. பார்வைக்கு வைத்திருப்பது அதில் நூற்றுக்கு ஒன்று அளவுதான், அந்த ஒன்றே பல நாளுக்குப் போதும். எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் மாலையில் கால் வலியோடு வீட்டுக்குப் போகிறார்கள், என்ன பார்த்தோம் என்று கேட்டால் மம்மி என்று ஒரு சொல் மட்டும் சொல்கிறார்கள். ஐந்தாறு பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடமாவது நில்லுங்கள். அப்புறம் அதன் பின்னாலும் போய் நில்லுங்கள்.

பின்னால் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நமக்குச் சிலை என்றால் கோயில். கோயிலில் நாம் சாமியை முன்பக்கமாக மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அதிலும் பட்டும் மாலையும் சாத்தியபின் முகமும் கைகளும்தான் தெரியும். அது வழிபாட்டுக்குரிய பார்வை, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு உருவத்தை எப்படிச் செய்தார்கள், எப்படித் தூக்கிச் சென்றார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதெல்லாம் பக்கத்திலும் முதுகிலும் அடியிலும்தான் எழுதியிருக்கும். நூதனசாலை நமக்குக் கொடுக்கிற பெரிய வசதி அதுதான்.

புறப்படுமுன், ஊரிலேயே

இந்தப் பயணத்தின் முதல் பகுதி இங்கே திருகோணமலையில் தொடங்குகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்ரிக் கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வாசல் கல்லில் இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். நாள்தோறும் அந்த வாசலால் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லை நின்று வாசித்திருக்கிறார்கள்? அங்கே நின்று பழகினால் லண்டனிலும் நிற்க வரும்.

அடுத்தது, 1950இல் ஊரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வந்த வெண்கலத் திருவுருவங்கள். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் என்று கிடைத்தவை மீண்டும் கோயிலுக்குப் போய் வழிபாட்டில் சேர்ந்தன. அபிஷேக நேரத்தில் போனால் அலங்காரம் இல்லாமல் வெண்கலத்தின் வடிவம் ஓரளவு தெரியும். தோள் எப்படி இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் புல்மோட்டை வீதியால் திரியாய் வரை போய்வாருங்கள். மலைமேல் பழைய பௌத்தத் தூபியும், பாறையில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டும் உண்டு. ஏறக்குறைய தாராவின் காலத்ததுதான் அந்தக் கல்வெட்டு. அவலோகிதேசுவரரின் பெயர் அதில் வருகிறது. தாரா அந்த அவலோகிதேசுவரரோடு சேர்த்து வணங்கப்பட்ட மகாயான பௌத்தத் தேவி. நம் கரையில் அந்தக் காலத்தில் வணிகரும் துறவிகளும் வந்து இறங்கி, மலையேறி, வணங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியகுளத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளோடு இருக்கிற இராசராசப் பெரும்பள்ளி என்ற பௌத்த விகாரையையும் இதே மூச்சில் பார்த்துவிடலாம். இவ்வளவும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தாரா ஒரு அந்நியப் பொருளாகத் தெரியமாட்டாள்.

விமானத்துக்குக் கொழும்பு போகத்தான் வேண்டும். ஒரு நாள் முந்திப் போனால் கொழும்பு நூதனசாலைக்குப் போகலாம். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். அங்கே காலியில் கிடைத்த மும்மொழிக் கல் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு திகதியிட்டுக் கொண்டுவந்த கல். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகள் அதில் வரிசையாக எழுதியிருக்கின்றன. இந்தக் கல்லைப் பார்த்தவர்களுக்கு லண்டனில் ஒரு கல் காத்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்களும் கொழும்பில்தான். எலும்பும் தோலுமாகத் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிற காரைக்கால் அம்மையாரைத் தவறவிடாதீர்கள்.

நாளும் நேரமும்

பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. விசேட கண்காட்சிகளுக்கு மட்டும்தான் காசு. ஆனாலும் இணையத்தில் நேரம் குறித்து இலவச டிக்கெட் எடுத்துக்கொண்டு போனால் வரிசையில் நிற்கிற நேரம் குறையும். பிள்ளைகளிடம் சொன்னால் ஃபோனிலேயே எடுத்துத் தருவார்கள். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். வெள்ளிக்கிழமையில் இரவு 8.30 வரை இருக்கும். நான் வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தைத்தான் சொல்லுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் போய்விடும், வேலை முடிந்து மகனோ மருமகளோ வந்து சேர்ந்துகொள்ளவும் முடியும். டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் பூட்டு.

முதல் நாள் இரவு அவர்களுடைய இணையத்தளத்தில் எந்தெந்த அறைகள் மூடியிருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். பழைய கட்டடம், திருத்தவேலை நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்க விரும்பும் பொருளின் பெயரைத் தேடினால் அது இப்போது பார்வைக்கு இருக்கிறதா, எந்த அறையில் என்றும் அதிலேயே போட்டிருக்கும்.

ரெயிலில் போனால் டொட்டன்ஹாம் கோர்ட் ரோட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கே லிஃப்ட் உண்டு, முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு அது முக்கியம். ஹோபனும் கிட்டத்தான், ஆனால் அங்கே லிஃப்ட் இல்லை. இல்ஃபோர்ட், சவுத்ஹோல், ஈலிங் பக்கம் இருப்பவர்களுக்கு எலிசபெத் லைன் நேரே கொண்டுவந்து விடும். நிலையத்தில் இருந்து ஆறுதலாக நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் கிரேட் ரசல் வீதி வாசல்.

சில்லுப் பூட்டிய சூட்கேஸ் கொண்டுபோனால் உள்ளே விடமாட்டார்கள். விமானத்தில் வந்து இறங்கிய கையோடு போகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கைப்பையை வாசலில் திறந்து பார்ப்பார்கள். வெளியே குளிருக்குப் போட்ட கோட் உள்ளே வேர்க்க வைக்கும். கழற்றிக் கையில் சுமக்காமல் காசு கொடுத்து வைக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். நல்ல சப்பாத்துப் போடுங்கள், சேலைக்குச் சப்பாத்தா என்று பார்க்க வேண்டாம். ஒரு பென்சிலும் சின்னக் கொப்பியும் கட்டாயம்.

நடக்க முடியாதவர்களுக்கு அங்கே சக்கர நாற்காலி இரவலாகத் தருவார்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். “நான் என்ன நடக்கமாட்டாதவளோ” என்று வீம்புக்கு நடந்து, தாராவிடம் போய்ச் சேர்வதற்குள் களைத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அம்மன் முன்னால்

வாசலால் நுழைந்து நேரே போனால் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றம். 2000ஆம் ஆண்டில் திறந்தது. நடுவில் வட்டமான பழைய வாசிகசாலை. அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே நேராகப் போங்கள். கடை, படம், கூட்டம் எதிலும் நிற்க வேண்டாம். 24ஆம் அறையைக் கடந்து படியோ லிஃப்டோ ஏறினால் 33ஆம் அறை. உலகம் முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. நீங்கள் நம் வீட்டுப் பக்கத்தில் தொடங்குங்கள். கண் முதலில் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டால் தெரியாததையும் பார்க்கத் துணிவு வரும்.

தாரா 143 சென்டிமீட்டர் உயரம். நம்மில் ஒரு பத்து பதினொரு வயதுப் பிள்ளையின் உயரம். மேலே ஆடை இல்லை, இடுப்புக்குக் கீழே உடம்போடு ஒட்டிய மெல்லிய சீலை, அதன் மடிப்புகள் கணுக்கால் வரை இறங்குகின்றன. வலது கை கீழே நீண்டு உள்ளங்கை நம்மைப் பார்த்து விரிந்திருக்கிறது. வரதம். இடது கை விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடிந்திருக்கின்றன, அதில் தாமரை இருந்திருக்க வேண்டும். உயரமான மகுடத்தின் முன்பக்கம் ஒரு வெறுமையான குழி. அதில் பதித்திருந்த பெரிய கல் எப்போதோ போய்விட்டது.

என் பேத்தி ஆங்கிலத்தில் எழுதியிருந்த விளக்க அட்டையை வாசித்து முடித்துவிட்டு, “அம்மம்மா, இவ ஏன் ஒரு கையை இப்பிடிக் கீழ காட்டுறா?” என்று கேட்டாள். அட்டையில் அது இருக்கவில்லை. “குடுக்கிறாவடி. கேட்டதைக் குடுக்கிற கை அது. பத்திரகாளி அம்மன் கோயில்ல பார்த்தனீ எல்லே?” என்றேன். பிறகு அவளே அந்த அறையில் இருந்த மற்றச் சிலைகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது குடுக்கிற கை, இது பயப்பிடாதே என்கிற கை என்று சொல்லிக்கொண்டு போனாள். உங்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன். ஆங்கிலம் வராதே என்று கூச வேண்டாம். பேரப்பிள்ளை அட்டையை வாசிக்கட்டும், நீங்கள் கையையும் கோலத்தையும் சொல்லிக்கொடுங்கள். அந்த அறையில் உங்களுக்குத் தெரிந்தது அட்டையில் எழுதியிருப்பதைவிடக் கூட.

இனிப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். பொன்முலாம் எங்கே நிற்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரியும். ஒரே வார்ப்பு, உள்ளே கூடு இல்லாத கட்டி வெண்கலம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசிக் காயவிட்டு, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், பிழைத்தால் எல்லாம் முதலில் இருந்து. இந்த உயரத்தில் இவ்வளவு உலோகத்தைக் காற்றுக்குமிழி இல்லாமல் ஊற்றி, அதற்குமேல் பொன் பூசியவர்கள் நம் தீவில் பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன் இருந்திருக்கிறார்கள். அவர்களின் பெயர் ஒன்றும் நமக்கு மிஞ்சவில்லை. அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கும்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கைகூப்பி நிற்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். பூ, கற்பூரம், தொட்டுக் கண்ணில் ஒற்றுதல் இவையெல்லாம் கூடாது.

கொப்பியை எடுங்கள். பென்சிலால் வரைய அனுமதி உண்டு. எனக்குச் சித்திரம் வராது என்று சொல்லாதீர்கள். தலை உச்சியில் தொடங்கி, கழுத்து, மார்பு, இடுப்பு, பாதம் வரை ஒரே கோட்டில் உடம்பின் வளைவை மட்டும் இழுத்துப் பாருங்கள். கோடு பிழைத்தாலும் பரவாயில்லை. படம் எடுத்தால் ஒரு நொடியில் நகர்ந்துவிடுவீர்கள். வரைந்தால் கண் அந்த இடத்திலேயே நிற்கும். படமும் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம்.

அதே அறையில் சோழர் கால நடராசர் இருக்கிறார். ஊரில் ஆருத்திரா தரிசனத்தில் பார்த்த கோலம்தான், ஆனால் இங்கே பின்னால் போய்ப் பாருங்கள். விரிந்த சடை, தலைக்குப் பின்னால் சிரசக்கரம் என்கிற சிறு வட்டு, முதுகெலும்பின் பள்ளம் என்று யாரும் பார்க்காத இடத்தையும் சிற்பி சீவிச் செப்பமாக்கி வைத்திருப்பான். உற்சவ மூர்த்திகளின் பீடத்தையும் குனிந்து பாருங்கள். தடியைக் கோத்துத் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். வீதியுலாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு அதன் பயன் யாரும் சொல்லாமலே தெரியும்.

இந்த அறையின் ஓரத்தில் 33அ என்ற இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அமராவதிச் சிற்பங்கள் உண்டு. ஆந்திரத்தில் இருந்த பெரிய தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள். மிச்சம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. நேரம் இருந்தால் ஒரு பலகையை மட்டும் தேர்ந்தெடுத்து அதில் உள்ள ஆட்களை எண்ணிப் பாருங்கள்.

அங்கிருந்து உலகத்துக்கு

திரும்பும் வழியில் 24ஆம் அறையில் நில்லுங்கள். ஈஸ்டர் தீவு என்கிற இராப்பா நூயித் தீவில் இருந்து 1868இல் டோபேஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கொண்டுவந்த பெரிய கல்மனிதர், ஓவா ஆக்கனானாயியா. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், கருங்கல். எல்லாரும் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போவார்கள். முதுகைப் பாருங்கள். பறவைத் தலை கொண்ட மனித உருவங்கள் செதுக்கியிருக்கின்றன. சிலையை முதலில் வடித்தவர்களுக்குப் பின்வந்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அதன் முதுகில் எழுதியிருக்கிறார்கள். கோட்டை வாசல் கல்லைப் பார்த்த கண்ணுக்கு இது விளங்கும்.

அந்த அறையில் இருந்து கீழே இறங்கினால் 25, ஆப்பிரிக்கா. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் இராச்சியத்து அரண்மனையின் பித்தளைத் தகடுகளைக் கம்பங்களில் சுவர் போல அடுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இவையும் மெழுகு வார்ப்பில் செய்தவைதான். அதில் நீண்ட முடியும் தாடியும் மூக்கும் உள்ள ஆட்களைத் தேடுங்கள். போர்த்துக்கேயர். கோணேசர் கோயிலை இடித்தவர்களின் நாட்டவரை ஆப்பிரிக்கக் கலைஞர்கள் தங்கள் கண்ணால் பார்த்து வார்த்து வைத்திருக்கிறார்கள். உடுப்பின் தையல், கையில் துப்பாக்கி எல்லாம் துல்லியம். நம்மிடம் அவர்கள் விட்டுச் சென்றது உடைந்த கல். பெனின்காரர் அவர்களின் முகத்தையே பிடித்து வைத்துவிட்டார்கள். இந்தத் தகடுகள் 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைத் தாக்கிக் கொள்ளையிட்டபோது எடுத்தவை. நைஜீரியா திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், “அப்ப இதெல்லாம் களவெடுத்ததா?” என்று. மழுப்ப வேண்டாம். ஒவ்வொரு பொருளும் வந்த வழி வேறு. பெனின் தகடுகள் கொள்ளை. தாராவை 1830இல் கொடுத்தவர் ரொபர்ட் பிரவுன்றிக், 1812 முதல் 1820 வரை இலங்கையில் ஆளுநராக இருந்தவர். ஒரு ஆளுநர் கையில் ஒரு கோயில் தேவி எப்படி வந்தாள் என்று பிள்ளையையே யோசிக்க விடுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் தன் சேகரத்தில் இருந்து பொருட்களைக் கொடுப்பதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. அதே நேரம் நெதர்லாந்து 2023இல், 1765இல் கண்டியில் இருந்து கொண்டுபோன லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பித் தந்தது. தாரா திரும்பி வர வேண்டும் என்பதே என் விருப்பம். வரும்வரை அவளைப் போய்ப் பார்ப்பதும் நம் உரிமைதான்.

இதற்குள் பசித்திருக்கும். உள்ளே சாப்பாட்டுக்கடைகள் விலை கூட. காட்சி அறைகளுக்குள் சாப்பிட முடியாது. வெயில் இருந்தால் வெளிமுற்றத்துப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். வீட்டில் இருந்து ரொட்டியும் சம்பலும் பார்சல் கட்டிப் போங்கள், கறி வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் கையில் வைத்திருக்க வேண்டும். பெரிய அறைகளில் உட்கார வாங்குகள் உண்டு, வாங்கைக் கண்டால் தேவையில்லாவிட்டாலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

சாப்பிட்டபின் முற்றத்தின் மேற்குப் பக்கம், 4ஆம் அறை. இங்கேதான் கொழும்பில் மும்மொழிக் கல் பார்த்தவர்களுக்கான கல். ரொசெட்டாக் கல். கி.மு. 196இல் எகிப்தில் ஒரே ஆணையை மூன்று எழுத்தில் வெட்டியது. மேலே சித்திர எழுத்து, நடுவில் டெமோட்டிக் என்கிற எகிப்தியரின் அன்றாட எழுத்து, கீழே கிரேக்கம். கிரேக்கம் தெரிந்தவர்கள் அதை வைத்து மற்ற இரண்டையும் வாசித்தார்கள். 1822இல் ஷம்போலியோன் என்ற பிரெஞ்சுக்காரர் பூட்டைத் திறந்தார். இரண்டு கல்லும் பார்த்தவர் ஒரு வேற்றுமையைக் கவனிப்பார். ரொசெட்டாவில் மூன்று எழுத்திலும் ஒரே செய்தி. காலிக் கல்லில் மூன்று மொழியும் மூன்று தெய்வத்தோடு பேசுகிறது. கூட்டம் கல்லின் முகத்தை மொய்க்கும். நீங்கள் பக்கத்துக்குப் போங்கள். ஒரு விளிம்பில் 1801இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது என்றும், மறு விளிம்பில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் கொடுத்தது என்றும் வெள்ளையில் எழுதியிருப்பது மங்கலாகத் தெரியும்.

கால் தாங்கினால் இன்னும் ஒரே ஒரு இடம். 10ஆம் அறையில் அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் சிங்க வேட்டை. கி.மு. 645 அளவில், இன்றைய ஈராக்கில் இருந்த நினிவே நகரின் அரண்மனைச் சுவருக்குச் செதுக்கிய கல்பலகைகள். மன்னனின் வீரத்தைக் காட்டத்தான் செய்வித்திருக்கிறார்கள். ஆனால் சிற்பி மன்னன் முகத்தை எல்லா மன்னர் முகமும் போல வெறுமையாக விட்டுவிட்டு, தன் முழுத் திறமையையும் சாகிற சிங்கத்தில் வைத்திருக்கிறான். அம்பு பாய்ந்து பின்னங்கால் செயலிழந்த பெண்சிங்கம் ஒன்று முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுக்கிறது. முன்கால் தசை முறுக்கியிருக்கும், பின்கால் துணி போலக் கிடக்கும். அந்த இரண்டு காலையும் மட்டும் வரையுங்கள். என் மாணவர்களுக்குப் பாரம் எங்கே விழுகிறது என்பதை விளக்க நான் இந்தச் சிங்கத்தின் படத்தைத்தான் காட்டுவேன்.

மம்மிகள் மாடியில் 62, 63ஆம் அறைகள். பிள்ளைகள் விடமாட்டார்கள், போங்கள். ஆனால் கடைசியாக. முதலில் போனால் அங்கேயே நாள் முடிந்துவிடும். சில அறைகளில் தொண்டர்கள் மேசை போட்டு உண்மையான பழம்பொருட்களைக் கையில் எடுத்துப் பார்க்கத் தருவார்கள். கண்டால் உடனே போய் உட்காருங்கள், அதற்கும் காசில்லை. பழைய நாணயத்தின் பாரம் உள்ளங்கையில் இருப்பது கண்ணாடிக்குள் பார்ப்பதோடு சேராது.

எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்

விளக்க அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். தாராவின் எண் 1830,0612.4. முதல் நான்கு இலக்கம் வந்த ஆண்டு, அடுத்த நான்கு மாதமும் நாளும், புள்ளிக்குப் பிறகு அன்றைய பட்டியலில் எத்தனையாவது பொருள் என்பது. அதாவது 1830 ஜூன் 12, நான்காவது பொருள். பெரும்பாலான பொருட்களுக்கு இதே முறைதான். ஒரு எண்ணைப் பார்த்தவுடன் எந்த ஆண்டில் வந்தது என்று பேரப்பிள்ளைகளே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஊருக்குத் திரும்பியபின் அந்த எண்ணை அவர்களுடைய இணையத்தளத்தின் சேகரிப்புத் தேடலில் போட்டால் பொருளின் படங்களும் அளவுகளும் கொடுத்தவர் பெயரும் வரும். அங்கே நின்று பார்க்க முடியாத பக்கங்கள்கூடப் படத்தில் இருக்கும். வியாபாரம் இல்லாத தேவைக்குப் படங்களை இறக்கிப் பயன்படுத்தலாம், நூதனசாலையின் பெயரைக் கீழே போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற தம்பி தங்கைமார் தாராவின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சித்திர அறையில் ஒட்டுங்கள். கீழே எண்ணையும், கிடைத்த இடம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் என்பதையும் தமிழில் எழுதுங்கள். வரைந்த கொப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்குக் கோட்டைத் திருத்திக் கொடுக்க நான் வீட்டில்தான் இருக்கிறேன்.